போட்டி நாளிலிருந்து பின்னோக்கி: எஃப்ஆர்சி அணிக்குக் கட்டுமான அட்டவணை போடுவது எப்படி

பள்ளியின் எஃப்ஆர்சி ரோபோ அணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கையில் ஒரு மார்க்கரைத் திணித்து, "இந்த வருஷம் ஷெட்யூல் உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்கள். அல்லது பிள்ளை அணியில் இருக்கிறான் என்பதற்காக மென்டராக, அதாவது வழிகாட்டும் பெரியவராகப் போய் மாட்டிக்கொண்ட பெற்றோர் நீங்கள். இருவருக்கும் வேலை ஒன்றுதான். ஜனவரி முதல் மார்ச் வரை இருக்கும் நாட்களை எதற்கு எத்தனை என்று பிரித்து வைக்க வேண்டும்.

முதலில் போட்டியைப் பற்றிக் கொஞ்சம். எஃப்ஆர்சி (ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெடிஷன்) என்பது ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் ரோபோ போட்டி. அமைப்பை 1989-இல் தொடங்கியவர் டீன் கேமன். முதல் போட்டி 1992-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டரில் நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் விளையாட்டு புதிது. ஜனவரி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, கிக்ஆஃப் அன்று, விதிப்புத்தகம் எல்லா அணிகளுக்கும் ஒரே நேரத்தில் வெளியாகும். அதுவரை என்ன கட்டப்போகிறோம் என்று யாருக்கும் தெரியாது. மாவட்ட, வட்டாரப் போட்டிகள் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஆரம்பித்துச் சுமார் ஆறு வாரம் ஓடும். ஏப்ரலில் ஹூஸ்டனில் இறுதிப் போட்டி.

2019 வரை கிக்ஆஃப் முடிந்து ஆறு வாரம் கழித்து ரோபோவைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டுப் பூட்டி முத்திரை வைத்துவிட வேண்டும் என்ற விதி இருந்தது. 2020 பருவத்தோடு அது போய்விட்டது. இப்போது போட்டிக்கு முந்தைய நாள் இரவு வரை கையை வைக்கலாம். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் புதிய அணிகள் சறுக்குவதே இங்கேதான். பை இருந்த காலத்தில் வேலையை முடிக்கும் நாளை அமைப்பே குறித்துக் கொடுத்தது. இப்போது அதை நீங்களே குறிக்க வேண்டும். குறிக்காத அணி போட்டிக் கூடத்தில்தான் முதல் முறையாக ரோபோவை ஓட்டிப் பார்க்கும்.

முடிவு நாளை வைத்துத் தொடங்குங்கள்

கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்த பிறகுதானே பத்திரிகை, சமையல், மண்டபம் எல்லாம் அதிலிருந்து பின்னோக்கி நகர்கின்றன? இதற்கும் அதே கணக்கு. உங்கள் முதல் போட்டி எந்த வாரம் என்று பாருங்கள். முதல் வாரப் போட்டி என்றால் கிக்ஆஃபிலிருந்து எட்டு வாரம்கூட இராது. நான்காவது வாரம் என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். முதல் ஆண்டு அணிகள், தேர்வு செய்ய வழி இருந்தால், முதல் வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

எடுத்துக்காட்டுக்கு 2025 நாட்காட்டியை எடுத்துக்கொள்வோம். கிக்ஆஃப் ஜனவரி 4, சனி. முதல் போட்டிக்கு மார்ச் 13, வியாழக்கிழமை ரோபோவோடு போய் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 68 நாள்.

68 நாள் என்பது பெரிய எண்ணாகத் தெரியும். மணிக்கணக்கில் பாருங்கள். செவ்வாய், புதன், வியாழன் மாலை 6 முதல் 9 வரை, சனிக்கிழமை உணவு இடைவேளை போக ஏழு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 16 மணி. ஒன்பது வாரத்துக்கு 144. அரையாண்டுத் தேர்வு வாரத்தில் மூன்று மாலையும் யாரும் வரமாட்டார்கள், 9 மணி போயிற்று. மிச்சிகன், மினசோட்டா, நியூ இங்கிலாந்துப் பக்கம் பனிப்பொழிவுக்காகப் பள்ளியை மூடினால் மாலைக் கூட்டங்களும் ரத்து. இரண்டு மாலை என்று வைத்தாலும் 6 மணி. மீதி 31 அமர்வு, 129 மணி. ஒவ்வொரு அமர்விலும் கருவி எடுத்து வைக்கவும் கூட்டிப் பெருக்கவும் அரை மணி கழியும். கடைசியில் கையில் நிற்பது ஏறக்குறைய 113 மணி. ஓர் அலுவலக ஊழியரின் மூன்று வார வேலை நேரத்தைவிடக் குறைவு. இந்தக் கணக்கைக் கிக்ஆஃபுக்கு முன்பே பலகையில் எழுதிப் போட்டால், "எல்லாவற்றையும் செய்வோம்" என்ற குரல்கள் தானாகவே தணியும்.

விடுமுறை நாட்களையும் இப்போதே குறியுங்கள். ஜனவரியின் மூன்றாம் திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள், பிப்ரவரியின் மூன்றாம் திங்கள் அதிபர்கள் நாள். இரண்டும் முழு நாள் வேலைக்கு அருமையான வாய்ப்பு. கட்டடத்தைத் திறக்க ஆள் இருந்தால்தான். சாவி வைத்திருப்பவரிடமும் பள்ளி நிர்வாகத்திடமும் டிசம்பரிலேயே கேட்டு வையுங்கள். பெரியவர்கள் இருவராவது இல்லாமல் எந்த அமர்வையும் நடத்தக் கூடாது. ஆகவே எந்த மென்டர் எந்த மாலை வருவார் என்பதும் அட்டவணையில் ஒரு வரிசை. சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம்) ஞாயிறன்று கூட்டம் வைத்து யாரும் வரவில்லையே என்று வருந்தாதீர்கள்.

மாதிரி அட்டவணை, கடைசியிலிருந்து முதலுக்கு

மார்ச் 9–12: சுய பரிசோதனை, பழுது, மூட்டை கட்டுதல். புதிதாக எதுவும் கிடையாது.
பிப்ரவரி 22 – மார்ச் 8: ஓட்டுநர் பயிற்சி.
பிப்ரவரி 16–21: ரோபோ முழுக்க நிரலாளர்கள் கையில்.
பிப்ரவரி 2–15: உறுப்புகளை வெட்டுதல், பொருத்துதல், வயரிங். 15 அன்று ஒப்படைப்பு.
ஜனவரி 19 – பிப்ரவரி 1: கணினியில் முழு வடிவமைப்பு. 25-க்குள் முக்கிய ஆர்டர்கள்.
ஜனவரி 8–18: மரத்தில் மாதிரிகள். 18 அன்று டிரைவ்டிரெயின் (ரோபோவை நகர்த்தும் சக்கரப் பகுதி) தரையில் ஓட வேண்டும்.
ஜனவரி 4–7: விதிகளும் உத்தியும்.

பயிற்சிக்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருப்பதைப் பார்த்து "அவ்வளவா?" என்பார்கள். எண்ணிப் பாருங்கள். அந்த இரண்டு வாரத்தில் மூன்று சனி, ஆறு மாலை, மொத்தம் 39 மணி. அதில் பாதி நேரம் ரோபோ உடைந்து மேசை மேல் கிடக்கும். மிஞ்சுவது இருபது மணி. போட்டியில் ஆட்டங்களை வெல்வது அந்த இருபது மணிதான். எளிய ரோபோவை நன்றாக ஓட்டத் தெரிந்த அணி, சிக்கலான ரோபோவை அன்றுதான் முதலில் தொட்ட அணியைத் தாண்டிப் போவது எந்தப் போட்டியிலும் பார்க்கக்கூடிய காட்சி. எனவே அட்டவணையில் முதலில் எழுத வேண்டிய கட்டம் பயிற்சி. மற்ற எதற்கு நாள் போதாவிட்டாலும் அதிலிருந்து கடன் வாங்கக் கூடாது.

கிக்ஆஃபுக்கு முன்

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை செய்து வைப்பதைப் பொறுத்தே ஜனவரி அமையும். கடையில் கிடைக்கும் பொருட்களை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். அணியே வெட்டிச் செய்த உறுப்புகளைக் கிக்ஆஃபுக்கு முன் செய்திருந்தால் பொதுவாகப் பயன்படுத்த முடியாது. சில விலக்குகள் விதிப்புத்தகத்தில் இருக்கும், படித்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளின் விலைக்கும் உச்சவரம்பு உண்டு.

டிரைவ்டிரெயினுக்கு என்ன என்பதை டிசம்பருக்குள் முடிவு செய்துவிடுங்கள். விளையாட்டு எதுவானாலும் ரோபோ நகர்ந்தாக வேண்டும். புதிய அணிக்கு ஆண்டிமார்க் நிறுவனத்தின் கிட் சேஸிஸ் போதும். ஆறு சக்கரம், பெல்ட், விளக்கப் புத்தகம் எல்லாம் சேர்ந்தே வருகிறது. இரண்டு அமர்வில் நிற்க வைத்துவிடலாம். நான்கு சக்கரமும் தனித்தனியே திரும்பும் ஸ்வர்வ் வகைமீது எல்லாருக்கும் ஆசை. பெரிய அணிகள் பெரும்பாலும் அதைத்தான் ஓட்டுகின்றன. இலையுதிர் காலத்திலேயே ஒரு ஸ்வர்வ் வண்டியைக் கட்டி ஓட்டிப் பழகியிராத அணி, ஜனவரியில் அதைத் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் வேண்டிய மாடியூலின் விலை மட்டும் பிரச்சினை அல்ல. சக்கரத்தின் கோணத்தை அளக்கும் நான்கு என்கோடர்களின் பூஜ்யக் கோணத்தைச் சரிசெய்வதிலேயே நிரலாளர்களின் முதல் வாரம் கரைந்துவிடும்.

பேட்டரி 12 வோல்ட், 18 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி. குறைந்தது நான்கு, முடிந்தால் ஆறு. 6 ஆம்பியர் சார்ஜரில் காலியான ஒன்றை நிரப்ப மூன்று மணிக்கு மேல் ஆகும். இரண்டே பேட்டரியை வைத்துக்கொண்டு பயிற்சி நடத்தினால் சார்ஜரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒவ்வொன்றிலும் எண்ணும் வாங்கிய ஆண்டும் எழுதுங்கள்.

முதல் நான்கு நாள்: விதியும் கணக்கும்

கிக்ஆஃப் அன்று யாரும் படம் வரையக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது. அறிவிப்புக் காணொளி முடிந்த பத்தாவது நிமிடம் ஒருவர் மூன்றடுக்கு எலிவேட்டரைப் பலகையில் வரைந்துவிடுவார். அதன் பிறகு எல்லா விவாதமும் அந்தப் படத்தைச் சுற்றியே நடக்கும். விதிப்புத்தகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்து எல்லாரையும் படிக்க வையுங்கள். ஞாயிறன்று ஒரு சிறு தேர்வு வைக்கலாம். ஓட்டுநராக விரும்புகிறவர்களுக்கு இந்தத் தேர்வு கட்டாயம்.

எடை, அளவு போன்றவற்றைப் போன ஆண்டு நினைவில் எழுதாதீர்கள். பம்பரும் (ரோபோவைச் சுற்றி மாட்டும் மெத்தை) பேட்டரியும் நீங்கலாக எடை வரம்பு 2024-இல் 125 பவுண்டு. 2025-இல் 115. பழைய நினைப்பில் இருந்தவர்களுக்குப் பத்து பவுண்டு வித்தியாசம்.

பிறகு புள்ளிக் கணக்கு. 2025 ஆட்டமான ரீஃப்ஸ்கேப்பில் பிவிசி குழாய்த் துண்டுகளை நான்கு மட்டங்களில் மாட்ட வேண்டும். ஓட்டுநர் இயக்கும் நேரத்தில் மேல் மட்டத்துக்கு 5 புள்ளி, அடி மட்டத்துக்கு 2. கடைசியில் தாழ்வான கூண்டில் தொங்கினால் 12. ஆட்டம் 2 நிமிடம் 30 நொடி. முதல் 15 நொடி தானியங்கி, மீதி 135 நொடி மாணவர் கையில். தொங்குவதற்கு 20 நொடி ஒதுக்கினால் 115 மிச்சம். ஒரு துண்டை எடுத்துவந்து மாட்ட 15 நொடி ஆகும் என்றால் ஏழு சுற்று. மேல் மட்டத்தில் மாட்டினால் 35, அடி மட்டத்தில் 14. ஆனால் புதிய அணி மேல் மட்டத்துக்கு 15 நொடியில் போய்வருமா? 30 நொடி என்றால் மூன்றே சுற்று, 15 புள்ளி. அடி மட்டத்தை வேகமாகச் செய்யும் எளிய ரோபோ கிட்டத்தட்ட அதையே எடுக்கும். தொங்குவது ஒன்றே இரண்டு மேல் மட்டத் துண்டுகளுக்கு மேல் மதிப்பு. தானியங்கிப் பொழுதில் தொடக்கக் கோட்டை விட்டு நகர்ந்தாலே 3 புள்ளி. அதற்கு வேண்டியது சில வரி நிரல்தான்.

இப்படி எண்ணிப் பார்த்து மூன்று பட்டியல் போடுங்கள்: கட்டாயம் வேண்டியவை, இருந்தால் நல்லவை, இந்த ஆண்டு தொடவே மாட்டோம் என்பவை. மூன்றாவது பட்டியல்தான் பருவம் முழுக்கக் காப்பாற்றும். முதல் பட்டியலில் டிரைவ்டிரெயினைத் தவிர இரண்டு வேலைக்கு மேல் இருந்தால் மறுபடி உட்காருங்கள்.

விதிகளுக்குத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். கட்டுமானப் பருவத்தில் செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும். அவற்றைப் படித்து அணிக்குச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். இந்த வேலைக்கு மெக்கானிக்கல் அறிவு தேவையில்லை, பொறுமை போதும்.

மாதிரிகள்: அழகு வேண்டாம், அளவு வேண்டும்

பிளைவுட், கிளாம்ப், கையால் பிடித்த டிரில் மெஷின். மாதிரிக்கு இவை போதும். பொருளை இழுத்துப் பிடிக்கும் இன்டேக்கில் தெரிய வேண்டியவை இரண்டு மூன்று எண்கள்தான். உருளைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, பொருளை எவ்வளவு அமுக்க வேண்டும், எந்த வேகம். கால் அங்குலம் கூடிக் குறைந்தால் விளைவு மாறும். ஆகவே துளைக்குப் பதில் நீள வெட்டு வைத்து இடைவெளியை மாற்றி மாற்றிச் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து முறை முயன்று எத்தனை முறை பிடித்தது என்று எழுதுங்கள். "நல்லா வேலை செய்யுது" என்பது அளவு அல்ல. "இரண்டங்குல இடைவெளியில் பத்துக்கு ஒன்பது" என்பதுதான் வடிவமைப்பாளருக்குப் பயன்படும்.

மாதிரிக் கட்டத்துக்கு முடிவு நாள் இல்லாவிட்டால் அது பிப்ரவரி வரை ஓடும். விளையாடிப் பார்ப்பதில் அவ்வளவு சுவை. ஜனவரி 18 மாலை, ஒவ்வொரு குழுவும் தன் மாதிரியை இயக்கிக் காட்ட வேண்டும். ஓடாதது கழிந்தது.

சொந்தமாக எதுவும் தோன்றவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 118-ஆம் எண் அணியான ரோபோநாட்ஸ், குறைந்த கருவிகளோடு கட்டக்கூடிய எவ்ரிபாட் என்ற ரோபோவை ஆண்டுதோறும் வடிவமைத்து வரைபடங்களோடு இலவசமாக வெளியிடுகிறது. மூன்று நாளில் ரோபோ கட்டிக் காட்டும் குழுக்களின் காணொளிகளும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். எவ்ரிபாட்டை அப்படியே கட்டி, அதில் ஒன்றை மட்டும் மேம்படுத்தி, மூன்று வாரம் ஓட்டிப் பழகும் முதலாண்டு அணி நடுத்தர அணிகளுக்குத் தலைவலி கொடுக்கும்.

இதே நாட்களில் களப் பொருட்களையும் செய்துவிட வேண்டும். ஃபர்ஸ்ட் அமைப்பே மரத்திலும் பிவிசியிலும் செய்யத்தக்க மலிவான வரைபடங்களை வெளியிடுகிறது. புதிய மாணவர்களுக்குக் கொடுக்க இதைவிட நல்ல வேலை கிடையாது. அளவெடுக்கவும் அறுக்கவும் கற்றுக்கொள்வார்கள், தவறினாலும் ரோபோவுக்குச் சேதமில்லை.

ஆர்டர்: சத்தமில்லாமல் நாளைத் தின்பது

வடிவமைப்பு ஒரு வாரம் தாமதமானால் எல்லாருக்கும் தெரியும். சாமான் ஒரு வாரம் தாமதமானால் அதற்குரிய மாலை வரும்போதுதான் தெரியும். பிரபலமான மோட்டார்களும் கியர் பெட்டிகளும் ஜனவரி இரண்டாம் வாரத்திலேயே கடைகளில் தீரத் தொடங்கும். சீனாவிலிருந்து வரவழைக்கும் எதையும் சந்திரப் புத்தாண்டைப் பார்த்து ஆர்டர் செய்யுங்கள். 2025-இல் அது ஜனவரி 29. அதையொட்டித் தொழிற்சாலைகள் மூடிவிடும். தகட்டை லேசரில் வெட்டித் தரும் நிறுவனத்துக்குக் கோப்பு அனுப்பினால் ஒன்று முதல் இரண்டு வாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நன்கொடையாக வெட்டித் தருகிறவர் என்றால் இன்னும் ஒரு வாரம் சேருங்கள். காசு கொடுக்கும் வாடிக்கையாளருக்குப் பிறகுதான் நாம்.

எனவே வடிவமைப்பு முழுதும் முடியும் வரை காத்திருக்காதீர்கள். 2×1 அங்குல அலுமினியக் குழாய், அரை அங்குல அறுகோண ஷாஃப்ட், பேரிங், 10-32 போல்ட், 3/16 அங்குல ரிவெட், கால் அங்குலப் பாலிகார்பனேட் தகடு இவையெல்லாம் எந்த ஆண்டும் தேவைப்படும். முதல் வாரத்திலேயே ஆர்டர் போடலாம். போல்ட்டையும் ரிவெட்டையும் கணக்கிட்டதைவிட ஒன்றரை மடங்கு வாங்குங்கள். சனிக்கிழமை மாலை ஒரு பெட்டி ரிவெட் இல்லாமல் பன்னிரண்டு பேர் சும்மா நிற்பது பெரிய செலவு.

பள்ளிக்கூடத்து வாங்கல் நடைமுறைக்கும் நாள் ஒதுக்குங்கள். கையெழுத்துக்கு மூன்று நாள் என்றால், "25-க்குள் ஆர்டர்" என்பதன் பொருள் 22-க்குள் பட்டியல்.

கட்டுதல், வயரிங், பம்பர்

வடிவமைப்பின்போதே எடையைக் கணினியில் கூட்டிக்கொண்டே வாருங்கள். கம்பிக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து 10 பவுண்டு ஒதுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் கடைசி வாரத்தில் எல்லாரும் ரோபோவில் ஓட்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

வயரிங்குக்கு எல்லா அட்டவணையும் இரண்டு மாலை எழுதும். நான்கு ஆகும். மெக்கானிக்கல் குழு மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டும் வரை காத்திருக்க வேண்டும். மாட்டிய பிறகு கை நுழையாது. தீர்வு என்னவென்றால், ரோபோரியோ (ரோபோவின் கணினி), மின் பகிர்வுப் பலகை, 120 ஆம்பியர் முதன்மை பிரேக்கர், ரேடியோ இவற்றுக்கான இடத்தை வடிவமைப்பிலேயே ஒதுக்கி, ஒரு பலகையில் முன்கூட்டியே பொருத்தி இயக்கிப் பார்த்துவிடுவது. அந்தப் பலகையை அப்படியே ரோபோவில் இறக்கலாம்.

களத்தில் ரோபோ திடீரென்று செத்துப்போவதற்கு மர்மக் காரணம் அபூர்வம். பேட்டரி முனையில் தளர்ந்த நட்டு, சரியாக அமுக்காத பிரேக்கர், ரேடியோவுக்குப் போகும் மின்கம்பி, கழன்ற கேன் கம்பி (மோட்டார்களுக்குக் கட்டளை கடத்துவது). இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஒவ்வோர் இணைப்பையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழுத்தால் வரும் கம்பி மோதினாலும் வரும். கேன் தொடரின் இரு முனையிலும் 120 ஓம் தடை இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். ரோபோவை அணைத்துவிட்டு இரு கம்பிக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். இதற்கெல்லாம் ஒரு முழு மாலை அட்டவணையில் தனியே இருக்கட்டும்.

பம்பரைக் கடைசிக்குத் தள்ளாத அணியைக் காண்பது அரிது. "மரம், நுரை, துணி, ஒரு மாலை போதும்" என்று நினைப்பார்கள். முக்கால் அங்குலப் பிளைவுட்டை அறுத்து மூலையைப் பொருத்தி, நுரைக்குழாயைக் கட்டி, கனத்த துணியை இழுத்து ஸ்டேப்பிள் அடித்து, சிவப்பு நீலம் இரண்டுக்கும் எண் ஒட்டி, எளிதில் கழற்றி மாட்டும்படி பிடிமானம் வைக்க நான்கு அமர்வு போகும். பரிசோதனையில் திருப்பி அனுப்பப்படும் ரோபோக்களில் பம்பர் குறை சாதாரணம். பம்பர் இல்லாமல் பயிற்சி செய்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. போட்டியில் அதை மாட்டியதும் இன்டேக் எட்டாமல் போகும். டிரைவ்டிரெயின் அளவு உறுதியான ஜனவரி 18-க்கு மறுநாளே பம்பர் வேலையைத் தொடங்குங்கள், பிப்ரவரி 8-இல் முடியட்டும்.

நிரலாளர்களின் வாரத்தைத் திருடாதீர்கள்

அட்டவணை நழுவும்போது எல்லாரும் கை வைப்பது இந்தக் கட்டத்தில்தான். கட்டுமானம் ஐந்து நாள் தாமதம், போட்டி நாள் மாறாது, எனவே நிரலுக்கு ஒரு மாலை என்று ஆகிவிடும். அதனால்தான் டிரைவ்டிரெயின் 18-ஆம் தேதியே ஓட வேண்டும் என்பது. அன்றிலிருந்து நிரலாளர்கள் அதில் தானியங்கி இயக்கத்தையும் கேமராவையும் பழகலாம். 2023 முதல் களத்தில் ஏப்ரல்டேக் குறிகள் (கேமரா பார்த்து இடத்தை அறிய உதவும் கட்டப் படங்கள்) ஒட்டப்படுகின்றன. அவற்றை வீட்டு அச்சுப்பொறியில் அடித்துச் சுவரில் ஒட்டிச் சோதிக்கலாம். பெரிய ரோபோ வரும் வரை நிரலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பிப்ரவரி 15 ஒப்படைப்பு என்றால் முழு ஒப்படைப்பு. அடுத்த ஆறு நாள் மெக்கானிக்கல் குழு ரோபோவைத் தொட நிரலாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். மோட்டார் எண்கள், சென்சார் இணைப்புகள் எழுதிய ஒரு தாள் ரோபோவோடு வர வேண்டும். முதல் மாலை நிரலாளர் செய்வது: ஒவ்வொரு மோட்டாரும் சரியான திசையில் சுழல்கிறதா என்று மெதுவாக ஓட்டிப் பார்த்து, எல்லைகளையும் மின்னோட்ட வரம்பையும் வைப்பது. வரம்பு வைக்காமல் எல்லா மோட்டாரையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் முடுக்கினால் பேட்டரி மின்னழுத்தம் சரிந்து, ரோபோரியோ மோட்டார்களைத் தானே நிறுத்திவிடும். பயிற்சியில் புதுப் பேட்டரியோடு இது தெரியாது. ஆட்டத்தின் கடைசி முப்பது நொடியில் தெரியும்.

வெட்டு நாள்

அட்டவணையில் வேலை முடியும் நாளோடு இன்னொரு தேதியும் எழுதுங்கள். அன்று அது ஓடாவிட்டால் கைவிடப்படும். ரோபோவைத் தூக்கித் தொங்கவைக்கும் கிளைம்பருக்குப் பிப்ரவரி 12 என்று வைத்தால், அன்று மாலை சோதனைச் சட்டத்தில் 120 பவுண்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். முடியவில்லை என்றால் அந்த இடத்தில் ஒன்றுமில்லை, அல்லது எளிய மாற்று. இதைக் கிக்ஆஃப் வாரத்திலேயே எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வாரம் உழைத்த பிறகு கேட்டால் யாராலும் "விட்டுவிடு" என்று சொல்ல முடியாது. பதினாறு வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து மென்டராலும் முடியாது. தேதி சொல்லட்டும்.

"முடிந்தது" என்ற சொல்லுக்கும் பொருள் தேவை. வரைந்தாயிற்று என்பது முடிந்தது அல்ல. மேசையில் கூட்டி வைத்ததும் அல்ல. ரோபோவில் போல்ட் போட்டு மாட்டி, மின்சாரம் கொடுத்து, பத்து முறை இயக்கிப் பார்த்தால்தான் பச்சை.

கணினியில் போட்ட அழகிய கட்டப் படத்தை இரண்டாம் வாரத்துக்குப் பிறகு யாரும் திறப்பதில்லை. பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், அவர் வராவிட்டால் இன்னொரு பெயர். குழுவின் பெயரை எழுதினால் அது யாருடைய வேலையும் அல்ல. அமர்வின் தொடக்கத்தில் பத்து நிமிடம் நின்றபடி பேசுங்கள்: இன்று எது, எது தடுக்கிறது. முடிவில் இருபது நிமிடம் பெருக்கித் துடைத்து, நாளைய முதல் வேலையைப் பலகையில் எழுதிவிட்டுப் போங்கள்.

ரோபோவைத் தொடாத வேலைகளுக்கும் தாளில் இடம் வேண்டும். அணியின் சமூகப் பணிக்குத் தரப்படும் இம்பாக்ட் விருதுக்கான எழுத்துகளைச் சமர்ப்பிக்கும் நாள் பிப்ரவரியில், சரியாகக் கட்டுமானம் உச்சத்தில் இருக்கும்போது வரும். பேருந்து, விடுதி, பெற்றோர் அனுமதிப் படிவம் இவற்றை ஒரு பெரியவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

பயிற்சியும் மூட்டையும்

ஓட்டுநர்களை ஜனவரி இறுதிக்குள், பழைய ரோபோவிலோ வெறும் டிரைவ்டிரெயினிலோ ஓட்ட வைத்துத் தேர்ந்தெடுங்கள். பயிற்சியை வெறுமனே சுற்றுவதாக விடாமல், அந்த ஆண்டின் ஆட்ட நேரத்துக்குக் கடிகாரம் ஓட்டி ஆட்டமாகவே நடத்துங்கள். ஒவ்வொரு சுற்றின் நொடியையும் ஒருவர் எழுதட்டும். இரண்டாம் நாள் இன்னொரு மாணவரைத் தற்காப்புக்கு, பழைய வண்டியோடு, எதிரே விடுங்கள். உடைவது இப்போதே உடையட்டும். உடைந்த ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, இரண்டு முறை உடைந்ததற்கு மாற்று உறுப்பு இரண்டு செய்து வையுங்கள்.

மார்ச் 9 அன்று, அமைப்பு வெளியிடும் பரிசோதனைப் படிவத்தை அச்சடித்து, ரோபோவைக் கட்டாத ஒருவர் கையில் கொடுத்து, வரிவரியாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தராசில் ஏற்றுங்கள். ஓட்டுநர் மடிக்கணினியில் விண்டோஸ் தானாகப் புதுப்பிக்காதபடி நிறுத்தி வையுங்கள். மூட்டையில்: எல்லாப் பேட்டரிகளும் சார்ஜர்களும், இரு நிறப் பம்பர், உதிரி மோட்டாரும் கட்டுப்படுத்தியும், ஈதர்நெட் கம்பி இரண்டு, ரிவெட் துப்பாக்கி, அறுகோணச் சாவிகள் இரண்டு தொகுதி, தலைக்கு ஒன்றாகப் பாதுகாப்புக் கண்ணாடி, வாசலில் மறந்தவர்களுக்கு மேலும் ஐந்து.

இரண்டாவது போட்டி இருந்தால், முதல் போட்டி முடிந்த இரவே, திரும்பும் வண்டியிலேயே, எந்த ஆட்டத்தில் எதனால் புள்ளி போனது என்று எழுதி வாங்குங்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் எல்லாரும் மறந்திருப்பார்கள். அந்தப் பட்டியலில் மேலே இருக்கும் இரண்டை மட்டும் திருத்துங்கள். திங்கள் காலையில் அதற்கான சாமானை ஆர்டர் செய்துவிட்டு, மாணவர்களுக்கு இரண்டு நாள் விடுமுறை கொடுங்கள். பாடம் நிறையத் தேங்கியிருக்கும்.